மனைவியின் ஆறாவது தோட்டா

"சும்மா வீட்டில இருக்காமல் வாருமன்" என்று மனைவியை இங்கே டென்மார்க்கில் கிரின்ஸ்டெட் துப்பாக்கி சுடும் கழகத்தில் சேர்த்துவிட்டவன் நான்தான்.

இரண்டு வருடம் கழிந்து பொலிஸ் அனுமதியும் கிடைத்து, இன்று தன் புது ரிவால்வருடன் கழகத்தில் வந்து நின்றாள். பழைய கௌபாய் பாணியில் இப்போது செய்தது. ஒவ்வொரு முறையும் பின்னாலுள்ள சுத்தியலைப் பெருவிரலால் இழுத்துத்தான் சுடவேண்டும்.

என்னிடமும் அப்படி ஒன்று இருக்கிறது, நூறு வருடத்துக்கு மேல் பழையது. சுட்டால் மதிப்புக் குறையும் என்று துடைத்துத் துடைத்துப் பூட்டி வைத்திருக்கிறேன்.

அந்த அனுபவத்தில் சொன்னேன்: "ஆறு குழியில அஞ்சு தோட்டா மட்டும் போடும். சுத்தியலுக்குக் கீழ இருக்கிற குழி வெறுமையா இருக்கவேணும். தட்டுப்பட்டா வெடிச்சிடும்."

"அது உங்கட பழசுக்கப்பா," என்றாள் மனைவி. " இதில அந்தப் பயமில்லை, ஆறும் போடலாம்."

கழகத்தின் டெனிஷ் பயிற்றுநரும் ஆமென்று தலையாட்டினார்.

அவள் சுட்ட ஆறும் இலக்கில் ஒரு தேத்தண்ணிக் கோப்பை வாயளவு வட்டத்துக்குள் விழுந்தன. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், கொஞ்சம் பிந்தி.

வீட்டுக்கு வந்ததும் சுட்டுக் கரிபிடித்த ரிவால்வரை என் முன்னால் வைத்தாள். "உங்களுக்குத்தானே துடைக்கிறது பிடிக்கும்."

கரி போக்க என்ன எண்ணெய் நல்லது என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். என்னுடையதில் இதுவரை கரி பிடித்ததே இல்லை.