தூசி என்று போட்ட குறி

யாரும் சொல்லாமல் அவள் பாத்திரம் துலக்க உட்கார்ந்தால், எதையோ உடைத்துவிட்டாள் என்று அர்த்தம். ஐந்து வயதிலிருந்தே அப்படித்தான். மன்னிப்பு வாய்க்கு வராது. கை மட்டும் தேய்க்கத் தொடங்கிவிடும். அப்பாவின் மூக்குக்கண்ணாடியை மிதித்த அன்று வீடு முழுவதையும் கழுவிவிட்டாள். அத்தைதான் முதலில் கண்டுபிடித்தாள். “தரை பளபளங்குதே, என்னடி போச்சு?”

குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள் அவள். அதனால் அத்தை வைத்த பெயர் ‘டிகிரி’. வேலையும் கிடைத்தது. தோட்டங்களுக்கு மேலே ட்ரோன் எடுத்த படங்களைப் பார்த்து, இது நல்ல இலை, இது நோய், இது வெறும் தூசி என்று ஒவ்வொன்றுக்கும் குறி போட வேண்டும். அந்தக் குறிகளைப் பார்த்துத்தான் கணினி பாடம் படிக்கும். ஆழ்கற்றல் என்பார்கள். படித்து முடித்தபின் புதுப் படத்தைக் காட்டினால் அதுவே நோயைச் சொல்லும்.

ஒருநாள் அத்தை ஊர்ப் படங்கள் வந்தன. மண்சாலையை ஒட்டிய பூசணித் தோட்டங்கள். லாரி போனால் கண்ணைத் திறக்க முடியாத அந்தச் சாலையில்தான் அவள் சைக்கிள் பழகினாள். ஓரத்து இலைகளில் வெள்ளைத் திட்டுகளைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. அந்த இடம் தெரியாத யாராவது என்றால் ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்திருப்பார்கள். அவளுக்குத்தான் தெரியுமே. முந்நூற்றுப் பன்னிரண்டு படங்களையும் மொத்தமாகப் பிடித்து, ‘தூசி’ என்று ஒரே தட்டு. டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது.

அடுத்த பருவத்தில் அத்தையின் பூசணித் தோட்டத்துக்கு மேலேயும் ட்ரோன் பறந்தது. ஏற்பாடு செய்ததே அவள்தான். இரண்டு நாள் கழித்து அத்தை போன் செய்தாள்.

“டிகிரி, இலையெல்லாம் மாவு தெளிச்ச மாதிரி இருக்குடி. மருந்து அடிக்கட்டுமா?”

“வேணாம் அத்தை. கம்ப்யூட்டர் ரிப்போர்ட்ட பாத்துட்டேன், தூசிதான்.”

“தொடச்சா போகுது, ரெண்டு நாள்ல அதே எடத்துல வட்டமா வந்து உக்காருது. தூசிக்கு அட்ரஸ் எல்லாம் தெரியுமாடி?”

“லட்சம் இலையப் பாத்த மெஷினு அத்தை அது. நீ பாத்தது ஒரே ஒரு தோட்டம்.”

அத்தை போனை வைத்துவிட்டாள். மருந்து அடிக்கவில்லை.

பதினெட்டு நாளில், இலைமேல் மாவாகப் படரும் சாம்பல் நோய் தோட்டத்தையே வாரிச் சுருட்டிவிட்டது. இலைகள் காய்ந்து நொறுங்கின. பிஞ்சுகள் கைக்குள் அடங்கும் அளவோடு நின்றுவிட்டன.

அலுவலகத்தில் அவள் பழைய படங்களைத் திறந்து பெரிதாக்கினாள். வட்டம் வட்டமாகச் சாம்பல் நோய். பாதிக்கு மேல் அதுதான். ஒவ்வொன்றின் மேலும் அவள் போட்ட குறி. கணினி தப்பாகப் படிக்கவில்லை. அவள் சொல்லிக்கொடுத்ததைத்தான் படித்திருக்கிறது. “டேட்டாவுல தப்பு இருக்கு சார்” என்று மேலாளரிடம் சொன்னாள். யாருடைய தப்பு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளா? குறிகளைத் திருத்தி, கணினியை மறுபடி பழக்கினார்கள். இப்போது சரியாகச் சொல்கிறது. எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுக்குப் போனபோது, பக்கத்துத் தோட்டக்காரர் வாசலில் நின்று குத்திக்காட்டிக்கொண்டிருந்தார். “உங்க வீட்டு ராக்கெட்டு நல்லாத்தான் வைத்தியம் பாத்துச்சு!”

அத்தை விடவில்லை. “மெஷினு தப்பு பண்ணா புள்ள என்னய்யா பண்ணும்? அவ கண்ணால பாத்திருந்தா விட்டிருப்பாளா?”

அவள் நேராகச் சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களை இழுத்துப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் அத்தை கதவோரம் வந்து நின்றாள்.

“என்னடி உடைச்ச?”

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

“ஒண்ணுமில்ல அத்தை. சும்மாதான்.”

அத்தை ஒரு சட்டியை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினாள். “அப்ப அந்த அடிபுடிச்ச சட்டியையும் தேச்சுடு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அதன்பிறகு ஏழுமுறை போய் வந்துவிட்டாள். அந்த வீட்டில் அவள் துலக்காத பாத்திரம் இல்லை. ‘பாக்காம குறி போட்டது நான்தான் அத்தை’ என்ற ஐந்து சொல் மட்டும் இன்னும் பாக்கி.