மூட்டை கட்டிய பங்களா

சண்டை முடிந்த அடுத்த வருடத்து ஆடி மாதம். காலை ஏழரை மணிக்கு மட்டக்களப்பில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். கல்லடியில், வாவிக்கரையில், புதிதாக விருந்தினர் விடுதியாகத் திறந்திருக்கும் வெள்ளைக்காரர் காலத்துப் பங்களாவுக்குப் போக ஓட்டோக்காரர் இருநூறு ரூபா கேட்டார்.

"அங்கயா தங்கப் போறீங்க?"

"நான்தான் முதல் ஆள்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

எட்டு மணி. பங்களாவைப் பார்த்துக்கொள்ளும் ஞானம்மா அக்கா வாசலில் நின்றார். முதல் விருந்தாளி வருகைப் புத்தகத்தில் எழுதுவதைப் பார்த்துத்தான் லண்டன் முதலாளி வீட்டை வைத்திருப்பதா, விற்பதா என்று முடிவு செய்வாராம். விற்றால் அக்காவுக்குப் போக்கிடமில்லை.

"குறையிருந்தா ஒளிக்காம எழுதுங்க தம்பி" என்றார். முகம் அப்படிச் சொல்லவில்லை.

உள்ளே, தேக்குக் கட்டிலைத் தவிர எல்லாமே மூட்டை. பழஞ்சேலையிலும் லுங்கிச் சாரத்திலும் இறுக்கிக் கட்டியிருந்தது. தேத்தண்ணி கேட்டேன். கோப்பைக்கு ஒரு மூட்டை, சீனிக்கு ஒன்று, கரண்டிக்கு இன்னொன்று அவிழ்ந்தது. இருபத்தைந்து நிமிடம்! குடித்து முடித்ததும் கழுவித் துடைத்து, மூன்றையும் திரும்பக் கட்டிவிட்டார்.

"ஏன் அக்கா இப்படி?"

"ஷெல் விழக்குள்ள நிண்டு தேட ஏலாது தம்பி. சுனாமிக்கும் மூட்டையோட மாடிக்கு ஏறினதாலதான் இந்தக் கோப்பை மிஞ்சிச்சி."

"இப்பதான் சண்டை முடிஞ்சிட்டே?"

"ஓம், முடிஞ்சிட்டெண்டுதான் சொல்றாங்க."

மத்தியானம் மீன்குழம்பு அபாரம். ஆனால் தட்டைக் கழுவிக் கட்ட அவர் பக்கத்திலேயே காத்து நின்றதால், மறுசோறு கேட்க வாய் வரவில்லை. குளித்துவிட்டு வந்தால் என் மூக்குக்கண்ணாடியைக் காணோம். அதையும் பத்திரமாகக் கட்டிவைத்திருந்தார். கண்ணாடி இல்லாமல், கண்ணாடி இருக்கும் மூட்டையை ஒரு மணிநேரம் தேடினேன். எனக்கு வந்த கோபத்தில் புத்தகத்துக்கான முதல் வரியையும் மனதில் எழுதிவிட்டேன்.

மறுநாள் காலை ஆறு மணி. வாவி அசையாமல் கிடந்தது. அக்கா ஒரு மூட்டையை அவிழ்த்துப் புத்தகத்தை நீட்டினார். பேனாவைச் சேலைத் தலைப்பால் துடைத்துத் தந்தார். என் கோபம் எங்கே போனதோ தெரியவில்லை. இப்படி எழுதினேன்: "கடலும் சண்டையும் வந்துபோன இந்த வீட்டில் ஒரு கரண்டிகூடத் தொலையவில்லை. இப்படிக் காப்பவர் வேறெங்கும் கிடைக்கமாட்டார்."

வாசித்துக் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தைக் கட்டினார். என் கோப்பையை மட்டும் கட்டாமல் ஜன்னலடியில் வைத்தார்.

ஒரு மாதம் கழித்து, கொழும்பு வெள்ளவத்தையிலுள்ள எங்கள் வீட்டுக்கு அக்காவின் போன் வந்தது.

"வீட்டை விக்கல்லயாம் தம்பி! உங்கட கோப்பை இன்னும் வெளியதான் இருக்கு."

சந்தோஷத்தில் சிரித்தபடி திரும்பினேன். எங்கள் பிறப்புப் பத்திரங்களும் அடையாள அட்டைப் பிரதிகளும் அடங்கிய பை, திடீரென்று ஓட வேண்டி வந்தால் எடுக்கவென்று வருடக்கணக்காகக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. கழற்றக் கையை நீட்டினேன்.

"அது அங்கேயே கிடக்கட்டும்" என்றாள் மனைவி.