முள் மேலே பார்க்க வேண்டும்

எனக்குத் தெரிந்த வேலை பாவு பிணைப்பது. தறியில் நீளவாக்கில் ஓடும் இழைதான் பாவு. ஒரு பாவு முடிந்ததும், அதன் கடைசி இழைகளோடு புதுப் பாவின் இழைகளைச் சேர்த்து, சாம்பலைத் தொட்டு முறுக்க வேண்டும். முடிச்சு கூடாது. ஆயிரக்கணக்கில் இழை. ஆரணியில் எங்கள் தெருவில் என்னை இதற்குத்தான் கூப்பிடுவார்கள். மீனுக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம் குழம்போடு சரி.

மாப்பிள்ளை மாலத்தீவில் ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். போன வருஷம் லீவில் வந்தவர் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். உள்ளே மூன்று தூண்டில் முள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மயிர், கொஞ்சம் மினுக்கு, இரண்டு சின்ன உலோகக் குண்டு கட்டியிருந்தது. இன்னும் கட்டாத வெறும் முள் இரண்டு டஜன், மயிர், குண்டெல்லாம் தனியாக.

"இது இன்னாங்க மாப்ள?"

"ஃப்ளை அத்தை. ஈ."

"ஈக்கு ரெக்கை எங்க?"

"சும்மா பேருதான் ஈ. பாக்க இறால் மாதிரி. போன்ஃபிஷ்னு ஒரு மீனு, முட்டி அளவு தண்ணியில மணல மேஞ்சிகினு வரும். வெள்ளைக்காரங்க இத வீசி அத புடிப்பாங்க."

"ருசியா இருக்குமா?"

"யாரு தின்னு பாத்தா? புடிச்சி, போட்டோ எடுத்துட்டு, வுட்டுடுவாங்க."

தறியில் இருந்த என் வீட்டுக்காரர் கையை நிறுத்தினார். "வுடறதுக்கா புடிக்கறாங்க?"

"ஆமா மாமா. அதுக்கு ஏரோப்ளேன் ஏறி வராங்க."

அவர் மறுபடி தறியை மிதித்தார்.

விஷயம் இதுதான். அங்கே மீன்பிடிக்கக் கூட்டிப் போகும் படகுக்காரர் ஒருவர் இருக்கிறார். கண் மங்கிவிட்டது, முன்போல் கட்ட முடியவில்லை. மாதிரிக்கு மூன்று தருகிறேன், இரண்டு டஜன் ஒழுங்காகக் கட்டிக்கொண்டு வா, சமையல்கட்டிலிருந்து உன்னைப் படகுக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார். மாப்பிள்ளைக்குப் படகுதான் ஆசை. சோப்புத் தண்ணீரில் ஊறி அவர் கை இரண்டும் வெடித்துக் கிடந்தது. அந்தக் கையால் ஒன்று கட்டிக் காட்டினார். அடிபட்ட பல்லி போல் இருந்தது.

"குடுங்க இப்டி. எங்கம்மா கட்டுவாங்க" என்றாள் மகள். என்னை யாரும் கேட்கவில்லை.

பல்லியை அவிழ்த்தேன். கட்டிங் பிளேயரில் முள்ளைக் கவ்வவிட்டு, பிடியில் ரப்பர் பேண்டைச் சுற்றி, பிளேயரைத் தறிக்காலோடு சேர்த்துக் கட்டினேன். அவர் கொண்டுவந்த நூலைத் தொடவில்லை. சாயம் ஏற்றாத பட்டு இழை போதும். மெலிசு, அறாது, நிறமும் மணல் நிறம்.

மாதிரியை நன்றாகப் பார்த்தேன். முள்ளின் வளைவு கீழே இருக்கும்படி பிடித்தால், குண்டுக் கண் இரண்டும் முதுகில் இருந்தன. மயிர் வயிற்றுப் பக்கம் தொங்கி முனையை மூடியிருந்தது. கண் மங்கினவர் தலைகீழாகக் கட்டிவிட்டார், பாவம் என்று நினைத்தேன். பிணைக்கும்போது ஓர் இழை இடம் மாறி வந்தால் நாங்கள் யாரையும் கேட்பதில்லை. எடுத்து அதன் இடத்தில் வைத்துவிடுவோம். இதையும் அப்படியே சரி செய்தேன். மயிர் முதுகுக்கு வந்தது. கண் கீழே போனது.

நாலு நாளில் இரண்டு டஜன். பக்கத்து வீட்டுக்காரி ஒரு ஜோடி எடுத்துத் தோடு மாதிரி காதில் வைத்துப் பார்த்தாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் காலை மாப்பிள்ளை ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கேட்டார். படகுக்காரர் எதையும் முதலில் தண்ணீரில் போட்டுத்தான் பார்ப்பாராம். மாதிரியைப் போட்டார். அது பாதி வழியில் புரண்டு, முனை மேலே பார்க்க அடியில் உட்கார்ந்தது. என்னுடையதைப் போட்டார். அது புரளவில்லை. நேராக இறங்கி, அடியைக் குத்தி நின்றது. இன்னொன்று போட்டார். அதுவும் குத்தியது.

"இன்னாங்க, கீழ குத்துது?" என்றாள் மகள்.

"முள்ளு மேல பாக்கணும். கீழ பாத்தா மணலையும் பாறையையும்தான் புடிக்கும்."

"அப்ப முதுகுல அந்தக் கண்ணு?" என்றேன் நான்.

"கண்ணு இல்ல அத்தை. வெயிட்டு. அதான் பொரட்டுது."

மாப்பிள்ளை இரண்டையும் டம்ளரிலிருந்து எடுத்துத் துடைத்தார். மாமியாரைத் திட்டவும் முடியாது. "பரவால்ல அத்தை, நீங்க கட்னதுதான் அழகா இருக்குது" என்றார்.

"அழகாத்தான் இருக்குது. நீங்களும் அழகா சோப்பு போட்டுகினு இருங்க" என்றாள் மகள்.

தறியிலிருந்து சிரிப்பு வந்தது.

"சிரிச்சிகினு இருக்காம எறங்கி வாங்க, ஜல்தி" என்றேன்.

அவிழ்க்கப் போனால் நுனி கிடைக்கவில்லை. முடிச்சில்லாமல் கட்டியது நான்தான். ஒவ்வொன்றையும் பிளேடால் அறுத்தேன். வீட்டுக்காரர் குண்டைப் பிடித்துக்கொண்டார், நான் சுற்றினேன். மகள் மயிரை வெட்டினாள். மாப்பிள்ளை ஒவ்வொன்றையும் டம்ளரில் போட்டு, "மேல!" என்று கத்தினார். மறுநாள் மதியம் பஸ். அதற்குள் பத்தொன்பதுதான் ஆனது. மீதி ஐந்தில் பிளேடு மயிரையும் சேர்த்து அறுத்து வீணாக்கிவிட்டது. என் விரலில் ஏழு குத்து. பட்டில் ரத்தம் படும் என்று அந்த வாரம் பிணைக்கப் போகவில்லை.

"ரெண்டு டஜன் கேட்டாரு அத்தை."

"பத்தொம்பதும் மேல பாக்குது. அதச் சொல்லுங்க."

போய்ச் சேர்ந்து நாலு நாள் போன் இல்லை. மகள் இரண்டு வேளை சரியாகச் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். ஐந்தாம் நாள் கூப்பிட்டார்.

"பத்தொம்பதையும் டம்ளர்ல போட்டுப் பாத்தாரு அத்தை. மிச்சம் அஞ்சு எங்கன்னாரு."

"இன்னா சொன்னீங்க?"

"எங்க மாமியாரு உங்களுதுதான் தப்புன்னு திருத்திட்டாங்கன்னேன்."

"அப்றம்?"

"ரொம்ப நேரம் சிரிச்சாரு. நாளையிலேர்ந்து படகுக்கு வந்துடுன்னாரு."

மகள் போனைப் பிடுங்கிக்கொண்டாள். படகில் என்ன வேலை, நிழல் உண்டா, எங்கே உட்காருவீர்கள் என்று கேட்டாள். உட்காரவே முடியாதாம். நாள் முழுக்கப் படகின் பின்பக்கம் நின்று, நீளக் கோலை ஊன்றித் தள்ள வேண்டுமாம்.

"ஐயோ, நின்னுகினேவா? காலு இன்னாத்துக்கு ஆவும்?" என்றாள்.

"ஏன், பாத்திரத்த உக்காந்துகினா கழுவினாரு?" என்றார் என் வீட்டுக்காரர், தறியை நிறுத்தாமல்.