கேமராத் தோல்

பேருந்தில் டிக்கெட் கைக்கு வந்ததும் வெங்கடராகவன் அதை மடிக்கத் தொடங்கிவிடுவார். அரை நக அகலத்துக்கு ஒரு மடிப்பு. திருப்பி, அதே அகலத்துக்கு இன்னொன்று. ஒவ்வொன்றின் மேலும் கட்டைவிரல் நகத்தை ஒருமுறை ஓட்டுவார். முடித்ததும் இரு முனைகளையும் பிடித்து இழுத்துவிட்டுப் பார்ப்பார். ஒரு மடிப்பு பிசகியிருந்தாலும் முழுவதையும் நீவிவிட்டு மறுபடி முதலிலிருந்து. பரிசோதகர் கேட்டால் அந்த விசிறியைத்தான் நீட்டுவார். "இன்னா சாமி இது, டிக்கெட்டா வெத்தலையா?" என்று ஒருவர் கத்தியதைக் கேட்டிருக்கிறேன்.

மாமல்லபுரத்துக்கும் கல்பாக்கத்துக்கும் நடுவே இருக்கும் எங்கள் ஊரில் பெருமாளுக்கு உடுத்திவிடும் கைங்கர்யம் அவருடையது. அவர் பட்டைக் கொசுவி விசிறி மடிப்பாக உடுத்திய நாட்களில், தீபாராதனை முடிந்த பிறகும் ஆட்கள் நகரமாட்டார்கள். அந்த ஒன்றைத் தவிர வேறெதையும் அவர் தன்னுடையது என்று சொல்லிக் கேட்டதில்லை. நான் கல்பாக்கத்தில் வரைபடப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டு அவருக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்தேன்.

1996இல் ஒருநாள், பேருந்தில் அந்த விசிறியைப் பார்த்துவிட்டு தனகோடி அவரிடம் வந்தார். மாமல்லபுரத்தில் ஸ்டூடியோ வைத்திருப்பவர். பள்ளிக்கூடக் குழுப் படங்களுக்கென்று ஒரு பெரிய மரக் கேமரா அவரிடம் இருந்தது. லென்சுக்கும் பின்பலகைக்கும் இடையே ஆர்மோனியத் துருத்திபோல நீண்டு சுருங்கும் கறுப்புக் கூடு உப்புக் காற்றில் ஓட்டை விழுந்து, படமெல்லாம் வெள்ளைப் புகையாக வந்துகொண்டிருந்தது. அந்தக் கூட்டுக்கு ஸ்டூடியோக்காரர்கள் வைத்திருந்த பெயர் தோல்.

"சாமி, இந்த மடிப்பு எனக்கு வோணும். கேமராத் தோலு கிழிஞ்சி கீது."

"தோலா? நான் தொடமாட்டேன்ப்பா."

"பேருதான் சாமி தோலு. நீ குடைத் துணில பண்ணு, யாரு வேணான்றது? எருமைய இட்டாந்தா உன் வூட்ல கட்டப்போறேன்?"

மூன்று மாதம் ஆயிற்று. வெங்கடராகவன் என்னிடம் கிராஃப் தாள் வாங்கிக்கொண்டு போனார். முன்பக்கம் சிறிது, பின்பக்கம் பெரிது என்பதால் நான்கு பக்கமும் சரிந்து வரவேண்டும். இரண்டு அடுக்குக் குடைத் துணிக்கு நடுவே அட்டைப் பட்டைகள், மடிப்பு விழும் இடங்களில் மட்டும் நூலளவு இடைவெளி. முதல் கூட்டில் நான்கு பக்கமும் ஒரே இடத்தில் வெளியே மடிந்தன. மூலைகள் முறுக்கிக்கொண்டு நின்றன. மேல்பக்கம் வெளியே மடிகிற இடத்தில் பக்கவாட்டுத் துணி உள்ளே மடியவேண்டும் என்று கண்டுபிடிக்க இருபது நாள்.

"பெருமாளுக்கு மூலை கிடையாதோல்லியோ, அதான் இத்தனை நாளா தெரியலை" என்றார்.

இரண்டாவது சுருங்கியபோது தடித்துப்போய் கேமரா மூடவில்லை. மெல்லிய அட்டைக்கு மாறினார். மூன்றாவது கூட்டுக்குள் ஒரு பல்பை எரியவிட்டு, போர்வைக்குள் நாங்கள் இருவரும் தலையை நுழைத்துப் பார்த்தோம். ஒரு புள்ளி வெளிச்சம்கூடக் கசியவில்லை. போர்வைக்குள் அவர் சிரித்தது கேட்டது.

பிரம்மோற்சவத்துக்கு முந்தைய மாதம், கோயில் கமிட்டியைப் படம் எடுக்க தனகோடி வந்தார். முக்காலியை நிறுத்திவிட்டுப் பெருமை தாங்காமல் சொன்னார்: "ஆடாதீங்க, ஆடாதீங்க. இந்தத் தோலு யாரு பண்ணது தெரியுமா? உங்க சாமிதான்! மெட்ராஸ்ல கூட இப்பிடித் தோல் வேலை கெடையாது."

அந்தப் படத்தில் எல்லோரும் வெங்கடராகவனைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

தோல் தொட்ட கை பெருமாளுக்கு உடுத்தலாமா என்று ஒரு வாரம் கழித்துக் கோயில் வெளி மண்டபத்தில் விசாரணை. தனகோடி கேமராவையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். "துணி சார், துணி! தொட்டுப் பாருங்க."

ஒருவரும் தொடவில்லை.

"தொட்டப்புறம் தோலுன்னு தெரிஞ்சா? உற்சவத்துக்குக் காப்புக் கட்டிக்கப்போறவன்யா நானு" என்றார் கமிட்டித் தலைவர் பாலசுப்ரமணியன்.

"அப்போ கண்ணாலயாவது பாருங்க."

"கண்ணால பாத்தா எல்லாம் கறுப்பாத்தான் கீது" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு.

"துணிதான் சார்" என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

கடைசியில் தலைவர் ஒரு வழி சொன்னார். "சாமியே சன்னதியில நின்னு சொல்லட்டும், இதுல தோல் சம்பந்தமே இல்லைன்னு. ஒரே வார்த்தை. இத்தோட விட்டுடறோம்."

வெங்கடராகவன் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி அமிர்தவல்லி தூணோரமாக நின்றவர், பொறுக்கமாட்டாமல், "சொல்லுங்கோளேன். துணிதானேன்னு சொல்லுங்கோளேன்" என்றார். வெங்கடராகவன் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

திமிர் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் மரியாதைகூட இருந்தது. அந்த உற்சவத்துக்கு வேறொருவர் உடுத்திவிட்டார். செங்கல்பட்டில் ஒரு ஜவுளிக்கடை வெங்கடராகவனை வேலைக்கு எடுத்துக்கொண்டது. பெண்கள் பிரித்துப் பார்த்து வேண்டாமென்று ஒதுக்கிய புடவைகளைப் பழையபடி மடித்து அடுக்கவேண்டும். ஒன்பது வருடம் மடித்தார். கோயில் இருந்த தெருப் பக்கம் திரும்பவே இல்லை. வீட்டில் அமிர்தவல்லி அவருக்குச் சாதம் போடுவார், பேசமாட்டார். 2005இல் அவர் இறந்துபோனபோதும் அமிர்தவல்லி, "ஒரு வார்த்தை. வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றுதான் அழுதார்.

மறுவருடம் புத்தக அலமாரி ஒன்று செய்ய ஆசாரி ஒருவரைக் கூப்பிட்டேன். தனகோடியின் கேமராவுக்கு மரச் சட்டம் மாற்றியவர் அவர்தான் என்று பேச்சில் தெரிந்தது. அந்தக் கூட்டில் துணியையும் அட்டையையும் ஒட்டப் பசை கொடுத்ததும் அவரே.

"மைதாப் பசை கடக்காத்துல நமுத்துப் பூடும் சார். வஜ்ரம் காய்ச்சிக் குடுத்தேன். சாமி அப்போ ஒண்ணியும் கேக்கல. அப்புறமா ஒரு நாளு காலைல ஓடியாந்து, வஜ்ரம் எதுல பண்றதுன்னு கேட்டாரு. மாட்டுத் தோலு, எலும்பு எல்லாம் போட்டுக் காய்ச்சறது சாமின்னேன். அப்பிடியே குந்திட்டாரு."

எந்த நாள் என்று கேட்டேன். அன்றைக்குச் சாயங்காலம்தான் கோயிலில் அந்த விசாரணை என்றார்.