கவுச்சி விட்டவரோட சிரம்பான்ல ரெண்டு நாள்

சிரம்பானுக்கு ஜோடியா ரெண்டு நாள் போறோம், எங்க சுத்தலாம், எங்க சாப்பிடலாம்னு வேலை எடத்துல சின்னப் பொண்ணுங்க என்கிட்டதான் வந்து கேப்பாளுங்க. கையில இருக்கிற போனைத் தட்டினா ஆயிரம் கடை காட்டும். ஆனா நான் பகாவ் பக்கத்து எஸ்டேட்ல இருந்து வீட்டுக்காரரோட போயி ஊரையே சுத்திட்டு வந்தவள்னு எவளோ சொல்லி வச்சிருக்கா. கேட்டா சொல்லத்தான் செய்றேன். எதுக்குப் போனோம்னு மட்டும் சொன்னதில்ல. அதை இங்க சொல்றேன்.

என் வீட்டுக்காரர் எஸ்டேட்ல எண்ணெய்க்குப் போற செம்பனைக் குலை வெட்டுறவர். நாக்கு ஓரத்துல ஒரு புண்ணு வந்து ஆறவே இல்ல. சிரம்பான் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினாங்க, கேன்சர்னாங்க. தெரிஞ்ச அன்னைக்கே மனுஷன் எஸ்டேட் மாரியம்மன் முன்னால போயி நின்னு, ஆபரேஷன் நல்லபடியா முடியிற வரைக்கும் கவுச்சியை வாயால தொடமாட்டேன்னு வேண்டிக்கிட்டார். எங்க பக்கம் எல்லாரும் செய்றதுதான். மீன், கறி, முட்டை எல்லாத்தையும் விட்டுட்டு, காரியம் நடந்ததும் கோழி அறுத்து ஆக்கிச் சாப்பிட்டு விரதத்தை முடிப்போம். நானும் நல்லதுதான்னு விட்டுட்டேன்.

அதுக்கப்புறம்தான் டாக்டர் எங்க ரெண்டு பேரையும் உக்கார வச்சுப் பேசினார். நாக்கை முக்காவாசி எடுக்கணும், உயிருக்கு நல்ல வாய்ப்பு இருக்கு, ஆனா இனிமே வாயால சாப்பாடு கிடையாது, வயித்துல குழாய் வச்சு பால்தான் ஊத்தணும்னார். இவர் பெரிய மனுஷன் மாதிரி தலையை ஆட்டிக்கிட்டு இருக்கார். எனக்கு அப்பதான் ஒறைச்சுச்சு. விரதம் முடியிற அன்னைக்கு இவருக்கு நாக்கே இருக்காது.

திங்கக்கிழமை அட்மிட் ஆகணும். சனிக்கிழமையே போவோம், ஊரைப் பாப்போம்னு நான்தான் கெளப்பினேன். ஊரைப் பாக்க யாருக்கு ஆசை? எப்படியாவது அவரை நண்டு சாப்பிட வச்சிடணும், அவ்வளவுதான் என் திட்டம். அவர் சுவாங்கிற கடலோர ஊருப் பக்கத்துல வளந்தவர், கடல் பக்கத்து வாயி. பகாவ் பசார்ல கெடைக்கிற நண்டைப் பாத்தா, “இது செத்து எத்தனை நாளாச்சுன்னு அதுக்கே தெரியாதுலா”ம்பார். நல்ல நண்டு கெடைச்சா பேச்சு மூச்சு இருக்காது. சிரம்பான்ல நண்டை அடுப்புல சுட்டுத் தர்ற சீனர் கடை ஒண்ணு இருக்குன்னு விசாரிச்சு வச்சிருந்தேன்.

பஸ்ல போறவங்க, மலைப்பாதையில தலை சுத்தும், வயிறு முட்டச் சாப்பிட்டுட்டு ஏறாதீங்க. தங்குறதுக்கு ரஹாங் பக்கம் பாருங்க, டவுனும் கிட்ட, சத்தமும் இல்ல. ஏரிப் பூங்காவுக்கு வெயில் ஏறுறதுக்குள்ள போயிடணும். நாங்க போனப்ப புல்லு ஈரமா இருந்துச்சு, பெஞ்சில துண்டை விரிச்சு உக்காந்தோம். மூங்கில் தோப்பைப் பாத்துட்டு, “எஸ்டேட்ல பாக்காத மரமா, இதுக்கா பஸ் ஏறி வந்தோம்?”னு கேட்டார். பசார் மாடியில பசியாற ஏகப்பட்ட ஒட்டுக்கடை உண்டு. மாட்டிறைச்சி போட்ட மீ நூடுல்ஸ் பேர் போனது, அது நமக்கு ஆகாது. சுத்தி எல்லாரும் மீனும் கோழியுமா தின்னுக்கிட்டு இருக்க, இவர் இட்டிலியைச் சாம்பார்ல ஊற வச்சு, வலிக்காத பக்கமா ஒதுக்கி ஒதுக்கி மென்னார். பாக்கப் பாக்க எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு.

மறுநாளும் ஏரிக்கரைக்குப் போனோம், அங்க நண்டுப் பேச்சை எடுத்தேன். கோயில் பூசாரிகிட்டயே கேட்டுட்டு வந்திருக்கேன், எலுமிச்சம்பழம் வெட்டி மன்னிப்புக் கேட்டா ஆத்தா பொறுத்துக்குவாளாம்னேன். அவர் தண்ணியைப் பாத்துக்கிட்டே சொன்னார்.

“உயிரைக் கேட்டுட்டு வந்திருக்கேன் புள்ள. ஒரு நண்டுக்காக அவகிட்ட பேரம் பேசச் சொல்றியா?”

“முடிஞ்சப்புறம் தின்னலாம்னுதானே வேண்டினீங்க? முடிஞ்சப்புறம் திங்க நாக்கு எங்கங்க இருக்கும்?”

சொல்லியிருக்கக் கூடாதுதான், வாயில வந்துடுச்சு. அவர் கோவிச்சுக்கல. “தெரிஞ்சிருந்தாலும் வேண்டியிருப்பேன்”னார்.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது, மனுஷன் இன்னைக்கும் வீட்டுல இருக்கார், அந்தக் கவலை வேணாம். ஆனா அந்த ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எங்களுக்கு எதுவும் தெரியாது. “நண்டுக் கடைக்குப் போவோம் வா, வேண்டுதல் எனக்குத்தான், உனக்கில்ல”ன்னு அவரே என்னை இழுத்துக்கிட்டுப் போனார். தட்டைப் பாத்தா மனசு மாறும்னு நானும் போனேன்.

நண்டு வந்துச்சு. ஓடு சிவந்து, பூண்டு கருகின வாசம் மூக்கைத் துளைக்குது. அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். தின்னத்தான் போறார்னு நெனைச்சேன். கொடுக்கை ஒடைச்சு, சதையைப் பிய்யாம முழுசா உருவி எடுத்து, என் தட்டுல வச்சார்.

“வாயால தொடமாட்டேன்னுதான் சொன்னேன். தின்னு.”

“நான் மட்டும் திங்கிறதுக்கா வந்தேன்?”

“உனக்குன்னு ஒடைச்சிருக்கேன். தின்னு புள்ள.”

தின்னேன். கண்ணுல தண்ணி வழியுது, கடைக்காரச் சீனத்தி அந்தப் பக்கமிருந்து பாக்குறா. எப்படி இருக்குன்னு கேட்டார். சப்புன்னு இருக்கு, ஒண்ணும் இல்லன்னேன்.

“பொய் சொல்லாத. ஓட்டை ஒடைக்கும்போதே எனக்குத் தெரியும், இது நல்ல நண்டு. ஒழுங்காச் சொல்லு.”

சொன்னேன். மொதல்ல இனிக்குது, அப்புறம்தான் உப்புத் தெரியுதுன்னேன். கால் சதை நார் நாரா வருது, கொடுக்குச் சதை கெட்டியா இருக்கு, ஓட்டுக்குள்ள இருக்கிறது நெய்யாட்டம் கரையுதுன்னேன். அவர் கண்ணை மூடிக்கிட்டு, “ம், அப்புறம்?”னார். கை பாட்டுக்கு அடுத்த காலை ஒடைக்குது. நான் ஒவ்வொண்ணா சொல்லச் சொல்ல அவர் தொண்டை ஏறி ஏறி எறங்குச்சு. மனுஷன் முழுங்கிக்கிட்டு இருந்தார்.