எங்களுக்கும் ஆன்ட்டிதான்

கடைசியாக நானும் அம்மாவும் சேர்ந்து செய்த வேலை, வாஷிங் மெஷினை மட்டம் பார்த்தது. புதன்கிழமை காலை. துணி பிழியும் வேகம் வந்ததும் அது குதித்துக் குதித்து நகரும். முந்தின வாரம் குளியலறைக் கதவை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது. லிஃப்ட் மெக்கானிக்கான நான் தரையில் படுத்து ஸ்பேனரால் அதன் காலைத் திருகினேன். அம்மா மேலே ரசமட்டத்தை வைத்து, குமிழி போகும் பக்கத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கொஞ்சம். ம்ம்... போதும், போதும். ஐயோ, தாண்டிப் போயிடுச்சுடி."

"எந்தப் பக்கம்மா?"

"ஜன்னல் பக்கம். ஊர்ல இருக்கிற லிஃப்டெல்லாம் உன்னை நம்பித்தான் ஏறி இறங்குதாம். சொந்த வீட்டுல ஒரு மெஷினை நிக்க வைக்க முடியல."

"லிஃப்டுக்குக் கால் கிடையாதும்மா."

"பேச்சுக்கு மட்டும் குறைச்சல் இல்ல. திருகு."

அந்த நேரத்தில் அக்காவிடமிருந்து போன். அக்கா வேறு ஊரில் மருந்துக்கடை நடத்துகிறாள். கை ஈரமாக இருந்ததால் அம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா பேசறேன்."

"ஆன்ட்டி, பிரஷர் மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேன்மா."

"பொய் சொல்லாதீங்க. என்ன கலர்?"

"வெள்ளை."

"எல்லாமே வெள்ளைதான் ஆன்ட்டி. போய் முதல்ல போடுங்க."

இருவரும் சிரித்தார்கள். நான் நட்டை இறுக்கி எழுந்தேன். மெஷின் அசையாமல் ஓடியது. மறுநாள் காலை சாப்பிட்டுவிட்டு, கொஞ்சம் படுக்கிறேன் என்று போன அம்மா எழுந்திருக்கவில்லை. இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர்.

அக்கா அம்மா பெற்ற மூத்த பெண். மாற்றாந்தாய் பிள்ளை அல்ல, தத்துப்பிள்ளையும் அல்ல. முகத்தைப் பார்த்தாலே தெரியும். அம்மாவின் மூக்கு, அம்மாவின் நடை. ஆனால் எட்டு வயதுக்குப் பிறகு அவள் அம்மாவை அம்மா என்று கூப்பிட்டதில்லை. ஒரு தடவையாவது கூப்பிட வேண்டும் என்பதுதான் அம்மாவுக்கு இருந்த ஆசை. வேறு ஆசை எதையும் அவள் என்னிடம் சொன்னதில்லை.

அப்பாவும் அம்மாவும் கிறிஸ்தவ ஊழியத்துக்காகக் கடல் தாண்டி இந்த நாட்டுக்கு வந்தபோது அக்கா கைக்குழந்தை. நான் இங்கே பிறந்தேன். அப்பாவின் வேலை ரோடு போடாத ஊர்களில். ஜீப்பில் கிளம்பினால் வாரக்கணக்கில் திரும்ப மாட்டார். அம்மாவுக்கு மிஷன் கொடுத்த வேலை, விடுதி. பள்ளிக்கூடமே இல்லாத இடங்களில் ஊழியம் செய்தவர்கள் தங்கள் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். எல்லாம் எங்களைப் போன்ற குடும்பங்கள், எங்கள் மொழி பேசுகிறவர்கள். கீழே சாப்பாட்டுக் கூடமும் சமையலறையும். மாடியில் இரண்டு வரிசைக் கட்டில்கள். மாடி நடையின் கோடியில் ஒரு பச்சைக் கதவு. அதற்குப் பின்னால் எங்கள் வீடு, இரண்டே அறை.

விடுதி திறந்த முதல் வாரம், சாப்பாட்டுக் கூடத்தில் அக்கா, "அம்மா, இன்னும் கொஞ்சம் பால்" என்று கேட்டிருக்கிறாள். எதிர் வரிசையில் இருந்த ஒரு சின்னப் பெண் அந்தச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தது. அதைப் பார்த்து அதன் பக்கத்துப் பிள்ளை. பிறகு பெஞ்சு முழுவதும். அம்மா பால் கரண்டியோடு நடுவில் நின்றாள்.

அன்று சாயங்காலம் அம்மா எங்கள் இருவரையும் பச்சைக் கதவுக்குப் பின்னால் உட்கார வைத்துச் சொன்னாள்: "இங்க அவங்க யாருக்கும் அம்மா பக்கத்துல இல்ல. உங்களுக்கு மட்டும் இருந்தா நல்லாவா இருக்கும்? ஸ்கூல் நடக்கிற வரைக்கும் நான் உங்களுக்கும் ஆன்ட்டிதான். லீவு விட்டதும் அம்மா."

மறுநாள் எங்கள் படுக்கைகளும் மாடி வரிசைக்குப் போயின. எல்லாருக்கும் எந்தப் போர்வையோ அதுவே எங்களுக்கும். அம்மா எல்லாப் பிள்ளைகளின் நெற்றியிலும் கை வைத்து ஜெபம் செய்துவிட்டு விளக்கை அணைப்பாள். என் நெற்றியில் கூடுதலாக ஒரு விநாடி வைத்தாளா என்று நான் கவனித்திருக்கிறேன். வைத்ததில்லை. அதில் அம்மா ஆணி அடித்த மாதிரி நின்றாள்.

எனக்கு அது ஒரு விளையாட்டு. அப்போது எனக்கு ஐந்து வயது. லீவு விட்டுப் பிள்ளைகளை ஏற்றிய பஸ் கேட்டைத் தாண்டியதும் "அம்மா!" என்று கத்திக்கொண்டு ஓடுவேன். பள்ளி திறந்ததும் ஆன்ட்டி. சுவிட்ச் போடுவது போல மாறிவிடுவேன். அக்காவுக்கு அந்த சுவிட்ச் இல்லை. முதல் லீவில் தயங்கித் தயங்கிக் கூப்பிட்டாள். அடுத்த லீவில் எப்படியும் கூப்பிடாமல், "இங்க பாருங்க", "சாப்பிடலாமா" என்று சமாளித்தாள். அதற்கடுத்த லீவில் ஆன்ட்டி நிலைத்துவிட்டது.

"என்ன பாப்பா, லீவு விட்டாச்சே. கட்சி மாறலையா?" என்று அப்பா கேட்பார்.

"பழகிப்போச்சுப்பா" என்பாள் அக்கா.

அப்பாவை அப்பா என்று கூப்பிட அவளுக்கு எந்தச் சிரமமும் இல்லை. அப்பா விடுதியில் இருந்தால்தானே. அம்மா சமையலறையிலிருந்தே சொல்வாள், "ஊர் சுத்துறவருக்கு அப்பா பட்டம். மூணு வேளை சோறு போடுறவ ஆன்ட்டி. நல்லாருக்கு நியாயம்." சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

சில வருடங்களுக்கு ஒருமுறை தாய்நாட்டுக்குப் போவோம். பணம் அனுப்பி எங்களைத் தாங்கும் சபைகள் ஒவ்வொன்றிலும் அப்பா ஊழியத்தைப் பற்றிச் சாட்சி சொல்ல வேண்டும். நாங்கள் குடும்பமாக மேடையேறி, இந்த நாட்டில் கற்றுக்கொண்ட மொழியில் ஒரு பாட்டுப் பாடுவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாட்டு முடிந்து இறங்கும்போது அக்கா ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்று, "ஆன்ட்டி, செருப்பு அந்தப் பக்கம் இருக்கு" என்று சொல்லிவிட்டாள். சபை முழுவதும் கேட்டது. யாரோ சிரித்தார்கள். அப்பா உடனே அதை விளக்கினார். கர்த்தருடைய வேலைக்காக என் மனைவி தன் பிள்ளையின் வாயிலிருந்து அம்மா என்ற வார்த்தையைக்கூட விட்டுக்கொடுத்தாள் என்றார். சிரித்தவர்களே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அடுத்தடுத்த சபைகளிலும் அப்பா அதைச் சொன்னார். நான்காவது சபையில் அம்மா தலைவலி என்று கீழேயே உட்கார்ந்துகொண்டாள். அதற்குப் பிறகு அவள் எந்த மேடையிலும் ஏறவில்லை.

அக்கா கெட்டவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அப்பா இறந்தபோது கடையைப் பூட்டிவிட்டு வந்து அம்மாவோடு மாதக்கணக்கில் இருந்தாள். மாத்திரைகளை வேளை வாரியாகப் பிரித்து அனுப்புவாள். அவளுடைய கல்யாணத்தில் விடைபெறும் நேரத்தில் அம்மாவைக் கட்டிக்கொண்டு "ஆன்ட்டி, ஆன்ட்டி" என்று அழுதாள். மாப்பிள்ளை வீட்டார் அம்மாவை வளர்ப்புத் தாய் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். ஒரு அத்தை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "பெத்தவகூட இப்படிப் பார்த்திருக்க மாட்டா" என்று பாராட்டினாள். "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு வந்த அம்மா, என் காதில், "இதுக்கு நான் நன்றி சொல்லணுமா, வேண்டாமாடி?" என்றாள்.

அம்மா விட்டுவிடவும் இல்லை. போனை எடுத்தால் "அம்மா பேசறேன்" என்றுதான் ஆரம்பிப்பாள். "சொல்லுங்க ஆன்ட்டி" என்று பதில் வரும். இத்தனை வருடமாக ஒவ்வொரு போனிலும் இதே கதை. அக்கா மகன் கொஞ்சம் பெரியவனானதும், "பாட்டி உனக்கு ஆன்ட்டின்னா, எனக்கு யாரும்மா?" என்று கேட்டான். அக்கா பேச்சை மாற்றினாள். அம்மா அவனுக்கு இன்னொரு பிஸ்கட் கொடுத்தாள்.

சென்ற வருடம் ஆஸ்பத்திரி வரிசையில் காத்திருந்தபோது, கேட்காமலேயே அம்மா என்னிடம் சொன்னாள். விடுதி திறந்த வருடம் அக்காவுக்குக் கடும் காய்ச்சல் வந்து நோயாளி அறையில் படுக்க வைத்திருந்தார்களாம். அம்மா நெற்றியில் துணி போடும்போது அக்கா கண்ணைத் திறக்காமல் "அம்மா" என்றாளாம். அடுத்த கட்டிலில் இன்னொரு பெண் படுத்திருந்தது. அதன் தாய் அந்த வருடம்தான் இறந்திருந்தாள். அது விழித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தது.

"நான் இவ வாயில விரலை வெச்சு, 'ஆன்ட்டிடா கண்ணு'ன்னு சொன்னேன். அவ்வளவுதான். அதோட நிறுத்திட்டா."

"நீங்க வேற என்னம்மா பண்ணியிருக்க முடியும்? பக்கத்துல அந்தப் பொண்ணு இருந்துதே."

"ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. அதுதான் கஷ்டமா இருக்கு."

நம்பர் கூப்பிட்டார்கள். உள்ளே போனோம்.

அம்மா இறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து விடுதியின் இப்போதைய பொறுப்பாளர் எங்கள் வீட்டுக்கு வந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கணவன் ஊழியத்துக்காக வெளியூர் சுற்றுகிறான். விடுதிச் சமையலறையில் கேஸ் அடுப்பு வைப்பது பற்றி யோசனை கேட்க வந்தவள், மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். சிறுமி தம்ளரைச் சாய்த்துவிட்டது.

"ஆன்ட்டி, சட்டை நனைஞ்சுடுச்சு" என்றது.

அம்மா துண்டை எடுக்க எழுந்தாள். சிறுமி கையை நீட்டியது அம்மாவிடம் அல்ல, தன் தாயிடம்.

"நீங்க வெச்ச வழக்கம்தான் ஆன்ட்டி. நாங்க இன்னும் மாத்தல. உங்களைப் பத்திப் பிள்ளைங்களுக்கு அடிக்கடி சொல்லுவேன்" என்றாள் அந்தப் பெண். அவள் முகத்தில் பெருமை.

"லீவுலயும் இப்படித்தானா?" என்று அம்மா கேட்டாள்.

"லீவுல அம்மான்னுதான் கூப்பிடணும். இப்பல்லாம் மறந்துடுறா." அவள் சிரித்தாள்.

அம்மா சிரிக்கவில்லை. அடுப்பைப் பற்றிப் பேசினாள். ஜன்னலுக்கு நேராக வைக்காதே, காற்றில் அணையும் என்றாள். கேட் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சனிக்கிழமை உனக்கு லீவுதானே? என்னை விடுதிக்குக் கூட்டிட்டுப் போ."

"எதுக்கு?"

"அதை நிறுத்தச் சொல்லணும். அந்தப் பிள்ளை அவளை அம்மான்னு கூப்பிடட்டும். மத்ததுங்க அழுதா அழட்டும். மடியில தூக்கி வெச்சுக்கிட்டா சரியாப் போகும். எனக்கு அப்ப அது தோணல."

"இப்பவே சொல்லியிருக்கலாமே."

"பிள்ளையை வெச்சுக்கிட்டு, உன் அம்மா செய்றது தப்புன்னு எப்படிடி சொல்றது?"

"போன் பண்ணுங்க."

"போன்ல சொல்ற விஷயமா இது? நான்தான் ஆரம்பிச்சேன். நேர்ல போய் நின்னு சொன்னாத்தான் விடுவா."

வியாழக்கிழமை இறந்தாள். சனிக்கிழமை அடக்கம். அந்தப் பொறுப்பாளர் பிள்ளைகளை வரிசையாக அழைத்து வந்திருந்தாள். அவள் மகள் அவள் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றது. நிறையப் பேர் வந்தார்கள். அம்மா வளர்த்த விடுதிப் பிள்ளைகள், இப்போது நரை விழுந்தவர்கள், "ஆன்ட்டி போயிட்டாங்களே" என்று என் கையைப் பிடித்து அழுதார்கள். எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. அக்கா பெட்டியின் தலைமாட்டில் நின்றாள். வாயைத் திறக்கவே இல்லை. மண் போட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து அம்மாவின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது, சனிக்கிழமை போக இருந்த விஷயத்தை அக்காவிடம் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். காய்ச்சல் கதையையும் சொன்னேன்.

அவள் மடிப்பதை நிறுத்தினாள்.

"எந்தக் காய்ச்சல்?"

"உனக்கு எட்டு வயசு இருக்கும்போது. நோயாளி ரூம்ல. நீ அம்மான்னு கூப்பிட்டியாம். அவங்க உன் வாயில விரல் வெச்சாங்களாம்."

"எனக்கு அப்படி எதுவுமே ஞாபகம் இல்லையே."

"அதனாலதான் நீ நிறுத்திட்டேன்னு அம்மா நினைச்சுக்கிட்டிருந்தாங்க."

"இத்தனை வருஷமாவா?"

"ஆமா."

அக்கா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "காரணம்னு ஒண்ணுமே இல்லடி. வாயில வரல, அவ்வளவுதான். எனக்கும் ஆசைதான். கடையில மருந்து வாங்க வர்றவங்க 'அம்மா, அம்மா'ன்னு போன்ல பேசுறதைக் கேட்டுட்டே நிப்பேன். இங்க வர்றப்பல்லாம் குளிக்கப் போனா, குழாயைத் திறந்து விட்டுட்டு, கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பாப்பேன். நல்லாத்தான் வரும். வெளிய வந்து அவங்க முகத்தைப் பாத்தா, வேற யாரோ பேசுற மாதிரி இருக்கும்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"என்னன்னு சொல்றது? நாற்பது வயசுப் பொம்பள, அம்மான்னு கூப்பிட வரலன்னா?"

அவளுக்கு முதுகைத் தடவிக் கொடுத்தேன். அவள் மடியில் அம்மாவின் சட்டை ஒன்று பாதி மடித்தபடி கிடந்தது.

ஊருக்குக் கிளம்பும்போது அக்கா சொன்னாள்: "அதைச் சொல்ல விடுதிக்கு நீ தனியாப் போகாத. நானும் வர்றேன். ஆனா நீ பேசு."

"நீ பேசினாத்தான் அவ கேப்பா."

"அதான் பயமா இருக்கு."

அதற்குப் பிறகு இரண்டு சனிக்கிழமைகள் போய்விட்டன. ஒன்றில் அவளால் கடையை விட்டு வர முடியவில்லை. இன்னொன்றில் பஸ் ஏறியவள் பாதி வழியில் இறங்கித் திரும்பிவிட்டாள். விடுதியில் நாங்கள் இன்னும் எதுவும் சொல்லவில்லை. அடுத்த வாரம் அங்கே லீவு விடுகிறார்கள்.