ஏலத்தில் போன கைப்பிடி அரிசி

உலை வைக்கும் முன்பு, களையப்போகும் அரிசியிலிருந்து ஒரு பிடி அள்ளித் தகர டப்பாவில் போடுவது அம்மாவின் வழக்கம். அதற்கு மிஷனெரி டப்பா என்று பெயர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்குப் பிழைக்க வந்த எங்கள் ஆட்கள், பெட்டி படுக்கையோடு இந்த வழக்கத்தையும் கொண்டுவந்திருந்தார்கள். டப்பா அரிசியை வருஷா வருஷம் ஸ்தோத்திரப் பண்டிகையன்று எங்கள் சபைக் கோயிலில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். எல்லா வீட்டு அரிசியும் ஒன்றாகச் சேர்ந்து ஏலம் போகும். ஏலப் பணம், காடு மலை தாண்டி ஊழியத்துக்குப் போனவர்களுக்குப் போய்ச் சேரும்.

கோயில் சுவரில் ஓர் உலகப்படம் தொங்கியது. ஊழியக்காரர்கள் இருக்கிற இடங்களில் சிவப்பு மையால் புள்ளி வைத்திருந்தார்கள். போதகரை நாங்கள் ஐயர் என்போம். அந்தப் படத்தைக் காட்டி அவர் அடிக்கடி ஒன்று சொல்வார்: கர்த்தர் உன் ஒரு வீட்டுக்கு மட்டும் கர்த்தர் இல்லை, உனக்குக் கிடைத்த இரட்சிப்பை உன் அறைக்குள் பூட்டி வைக்காதே. எங்கள் அறைக்குப் பூட்டே கிடையாது. நான் படத்தில் தாராவியைத் தேடிப் பார்த்தேன். அங்கே புள்ளி எதுவும் இல்லை.

அறுபதுகளின் நடுவில் பம்பாயில் அரிசி காணாமல் போனது. ரேஷன் கடையில் கோதுமையும் சிவப்புச் சோளமும் போட்டார்கள். அரிசி கேட்டால் கடைக்காரன் நிமிர்ந்து பார்க்காமலே "கல் ஆவோ", நாளைக்கு வா, என்பான். அவனுடைய அந்த நாளை வந்ததாக எனக்கு நினைவில்லை. எப்போதாவது கண்ணில் காட்டிய கொஞ்ச அரிசியிலும் அம்மா ஒரு பிடி எடுத்து டப்பாவில் போட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் தங்கச்சி டைபாய்டில் விழுந்தாள். அவளுக்கு நாலு வயது. காய்ச்சல் இறங்கியதும், இனி வெறும் அரிசிக் கஞ்சிதான் கொடுக்க வேண்டும் என்று டிஸ்பென்சரி டாக்டர் சொல்லிவிட்டார். சோளக் கஞ்சி அவளுக்கு வயிற்றில் தங்கவில்லை. வாயைத் துடைத்துவிட்டதும், "வெள்ளக் கஞ்சி தாம்மா" என்பாள். அக்கம்பக்கத்தில் எந்த வீட்டிலும் அரிசி இல்லை. கள்ள அரிசி விற்ற விலைக்கு டேனரியில் தோல் அலசுகிற அப்பாவின் கை எட்டாது. வீட்டில் இருந்த ஒரே அரிசி டப்பா அரிசிதான்.

அப்பா டப்பாவைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தாள்.

"கர்த்தருக்குன்னு எடுத்து வச்சத எப்படிங்க தொடுறது?" என்றாள். பிறகு அவளே ஒரு வழியும் சொன்னாள். "நாளைக்குப் பண்டிகைதான? கொண்டுபோய்க் கொட்டிட்டு, ஏலத்துல நீங்களே எடுத்துருங்க. அப்ப அது நம்ம அரிசி. பாவம் கெடையாது."

அப்பாவுக்கும் அது சரியாகப் பட்டது. பல வீட்டு அரிசி, புழுங்கலும் பச்சையும் கலந்தது. வழக்கமாக ஏலத்தில் யாரும் சீந்த மாட்டார்கள். மறுநாள் அவர் நல்ல வேட்டி கட்டி, டப்பாவை ஒரு கையிலும் என்னை ஒரு கையிலுமாகப் பிடித்துக்கொண்டு புறப்பட்டார்.

ஆராதனை முடிந்ததும், ஐயருக்குத் துணையாக இருந்த உபதேசியார் ஏலத்தைத் தொடங்கினார். பூசணிக்காயும் சேவலும் போனபின் அரிசிக் கூடை வந்தது. அப்பா முதல் ஆளாகக் கேட்டார். டேனரிக்காரர் ஏலம் கேட்கிறாரே என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். செம்பூர்க் கம்பெனி குவார்ட்டர்ஸிலிருந்து வந்திருந்த ஆபீசர் ஒருவர் சிரித்துக்கொண்டே ஏற்றிக் கேட்டார். அப்பா இன்னும் ஏற்றினார். "அண்ணாச்சி விட மாட்டாரு போலுக்கே" என்று உபதேசியாருக்கு ஒரே சந்தோஷம். மிஷனுக்கு ஆளாளுக்குப் போட்டி போடுகிறார்கள் என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள்.

"சொல்லுங்கப்பா" என்றேன் மெதுவாக. "பாப்பாக்குன்னு சொல்லுங்க."

"சும்மா இரிட்டி. காணிக்கையத் திருப்பிக் கேக்கப்படாது."

கூடை ஆபீசருக்குப் போனது. எங்கள் சபையில் ஒரு பழக்கம் உண்டு. ஏலத்தில் எடுத்த பொருளையே திரும்பக் காணிக்கையாகக் கொடுத்து, மறுபடி ஏலம் விடச் சொல்வது பெரிய கனம். ஆபீசர் அப்படியே கொடுத்தார். அப்பாவின் முகத்தில் மறுபடி உயிர் வந்தது. ஆனால் இப்போது சூடு பிடித்துவிட்டது. நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள், கூடை எட்டாத உயரத்துக்குப் போயிற்று. இரண்டாம் தரமும் ஆபீசர்தான் எடுத்தார். வடக்கே மிஷன் விடுதிப் பிள்ளைகளின் கஞ்சிக்கு அதை அனுப்பிவிடச் சொன்னார். ஐயர் ஸ்தோத்திரம் சொல்ல, சபையே எழுந்து நின்று பாடியது. அப்பாவும் எழுந்து நின்றார். அவர் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் காலி டப்பாவை என்னிடம் கொடுத்து, "அம்மாட்ட குடு" என்று சொல்லிவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

தங்கச்சி அந்த வாரம் தாண்டவில்லை. அரிசி கிடைத்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, கேட்கவும் ஆள் இல்லை. ஆபீசர் நல்ல மனுஷர்தான். சேதி தெரிந்தவுடன் வந்து, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த விடுதிப் பிள்ளைகளும் பசித்த பிள்ளைகள்தான் என்று ஒப்புக்கொள்ள எனக்கு எத்தனையோ வருஷம் ஆயிற்று. ஒப்புக்கொண்ட பிறகும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

அடக்கம் முடிந்து வந்த அன்று அம்மாவிடம் கேட்டேன். "ஐயர் சொல்லுத உலகத்துல தாராவி உண்டாம்மா?"

அம்மா சுவரைப் பார்த்தபடியே, "உண்டு. படு" என்றாள்.

சில வாரம் கழித்து ரேஷனில் கொஞ்சம் அரிசி போட்டார்கள். இனி அந்த டப்பாவை அம்மா தொடமாட்டாள் என்று நினைத்திருந்தேன். அம்மா மூடியைத் திறந்து ஒரு பிடி போட்டாள். பானையைப் பார்த்து என்னவோ யோசித்தாள். மறுபடி குனிந்து, சின்னதாக இன்னொரு பிடி எடுத்துப் போட்டாள்.

"ஏம்மா ரெண்டு?"

"இருக்கட்டும்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. தங்கச்சியை எடுத்துக்கொண்டது போதாது என்று கர்த்தர் தம் பங்கையும் கூட்டிவிட்டார் என்றே நினைத்தேன். வெகுகாலம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சின்னப் பிடி தங்கச்சியின் சோறு என்பது எனக்குத் தெரியவில்லை.